ஈமமேட்டின்மேற் சிலுவை: கார்னாக் பற்றி வழங்கும் கருத்துக்கள் சில

பிரான்சு தேசத்தின் மேற்கோரத்திலே, பிரித்தனி எனப்படும் குடாநாட்டின் தென்கரையில், கார்னாக் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்ப்புறத்தே நெடுங்கற்கள் ஆயிரக்கணக்கில் நிரைநிரையாக நிற்பதைப் பலரும் அறிவர். அந்நிரைகளின் புகழில் மறைந்து கிடப்பது ஊரின் ஓரத்திலுள்ள ஒரு மேடு. தூரத்தே நின்று நோக்குவார்க்கு அது புல் படர்ந்த சிறு குன்றாகவே தோன்றும். உச்சியில் ஒரு சிறு தேவாலயமும், அதனருகே கருங்கல்லாலான ஒரு சிலுவையும் உள்ளன. ஏறி நின்றால் ஒரு பால் கடலும், மறு பால் ஊரும் வெளியும் கண்ணுக்கெட்டும். அதிதூதர் மிக்கேலின் பெயரால் அத்தேவாலயம் வழங்குவதால் மேட்டுக்கும் அவர் பெயரே ஆயிற்று.

அஃது இயற்கைக் குன்றன்று. 125 மீற்றர் நீளமும், 60 மீற்றர் அகலமும், 10 மீற்றருக்குக் குறையாத உயரமும் உடையதாய், ஏறத்தாழ 35,000 கனமீற்றர் கல்லும் மண்ணும் கொண்டு மனிதர் குவித்த ஈமமேடு. அதன் காலம் கி. மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டு, பெரும்பாலும் கி. மு. 4500ஐ ஒட்டியது. எகிப்தின் பெரும் பிரமிட்டு எழுவதற்கு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு முன்னர், அந்நாட்டில் உலோகம் வழங்காத காலத்திலே, யாரோ ஒரு தலைவனின் பொருட்டோ, ஒரு குடியின் பொருட்டோ இத்துணை உழைப்பு செலவாகியிருக்கிறது.

கீழே கற்காலத்துக் கல்லறை. மேலே கிறித்துவின் சிலுவை. இக்காட்சி காண்போர் மனத்தில் ஒரு கதையைத் தானாகவே தோற்றுவிக்கும் இயல்புடையது. பழைய சமயம் வீழ்ந்தது, புதிய சமயம் அதன் தலைமேல் ஏறி நின்றது என்பதே அக்கதை. கார்னாக் பற்றி எழுதுவோர் பலர் இதனையே சிறு சிறு வேறுபாடுகளுடன் சொல்லி வருகின்றனர். ஒரு சாரார் இதனை வெற்றி என்பர். மற்றொரு சாரார் இதனைத் தொடர்ச்சி என்பர்; தெய்வம் மாறியதேயன்றி இடத்தின் புனிதம் மாறவில்லை என்பது அவர் கொள்கை. இவ்விரு கூற்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே எண்ணத்தின் இரு முகங்களே. சிலுவையை நாட்டியோர் தம் காலடியில் இருந்தது இன்ன சமயத்தின் புனித இடம் என அறிந்தே நாட்டினர் என்பது அவ்விரண்டும் ஆராயாது ஏற்றுக்கொண்ட கருத்து. அதற்குச் சான்று உண்டோ என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெற்றி என்போரும் தொடர்ச்சி என்போரும் ஒருங்கே மேற்கோள் காட்டும் ஓர் ஆவணம் உண்டு. பாப்பரசர் முதலாம் கிரகோரியார் 601ஆம் ஆண்டிலே, இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த மெல்லிற்றுசு என்னும் மடத்தலைவருக்கு எழுதிய கடிதம் அது. பீடர் என்னும் துறவி 731இல் எழுதி முடித்த இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில் அக்கடிதம் பேணப்பட்டுள்ளது. விக்கிரகங்களை அழிக்க வேண்டும். ஆயின் கோவில்களை இடிக்க வேண்டுவதில்லை. தீர்த்தம் தெளித்து, பீடம் அமைத்து, அடியார்தம் எச்சங்களை வைத்து அவற்றைத் தேவாலயங்களாக மாற்றிக்கொள்ளலாம். பழகிய இடத்திற்கே மக்கள் மனமுவந்து வருவர் என்பது அக்கடிதத்தின் சாரம். மாடு பலியிட்டு விருந்துண்ணும் வழக்கத்தையும் முற்றாக ஒழிக்காமல், திருநாள் விருந்தாகத் திருப்பிவிடுமாறு அவர் அறிவுரை கூறுகின்றார். மக்கள் மனத்தை அறிந்த ஒருவரின் கடிதம் இது என்பதில் ஐயமில்லை.

ஆயின், இதே 601ஆம் ஆண்டிலே, சில வாரங்களுக்கு முன்னரே, அதே பாப்பரசர் கென்று நாட்டரசனான எதெல்பேட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் பீடரின் நூலிலேயே உள்ளது. அதில் அவர் விக்கிரக வணக்கத்தை ஒறுத்து, கோவிற் கட்டடங்களை வீழ்த்துமாறு அரசனை ஏவுகின்றார். ஒரே பேனை, ஒரே ஆண்டு, ஒரே நாடு, இரண்டு நெறிகள். கிரகோரியார் பின்னர் சிந்தித்து மனம் மாறினார் என்று கொள்ளுதல் பொருத்தமானது. அவ்வாறு கொள்ளினும், இரண்டாம் கடிதத்தை மாத்திரம் எடுத்து, திருச்சபை முழுவதற்கும் எக்காலத்துக்கும் உரிய திட்டம் இதுவே என விரித்துரைப்பது நேர்மையான வரலாற்று முறையாகாது.

அதனினும் முக்கியமானது வேறொன்று. அக்கடிதம் பேசுவது கோவில்களைப் பற்றி. அதுவும், அன்றைக்கு மக்கள் சென்று வழிபட்டுக்கொண்டிருந்த கோவில்களைப் பற்றி. கல்லறைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிரித்தனிக்கும் அக்கடிதத்துக்கும் நேர்த் தொடர்பும் இல்லை. கிரகோரியார் எழுதுகோல் எடுக்கு முன்னரே பிரித்தானியாவிலிருந்து கடல் கடந்து வந்த குடியேறிகளும் துறவிகளும் பிரித்தனியிற் கிறித்தவத்தை ஊன்றிவிட்டனர். எனவே, மெல்லிற்றுசுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டு கார்னாக் மேட்டின் சிலுவையை விளக்குதல், ஒரு வீட்டின் திறப்பைக் கொண்டு மற்றொரு வீட்டைத் திறக்க முயல்வது போன்றதே.

கல் வழிபாடு பற்றிய வேறு சான்றுகள் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. 567இல் தூர் நகரிற் கூடிய திருச்சபைச் சங்கம், கற்களின் முன்னே திருச்சபைக்கு ஒவ்வாத சடங்குகள் செய்வோரை விலக்குமாறு குருமாரைப் பணித்தது. சார்ளிமேன் மன்னன் 789இல் விடுத்த ஆணையிலும் மரங்கள், கற்கள், ஊற்றுக்கள் என்பவற்றின் அருகே நிகழும் மூடவழக்கங்கள் கண்டிக்கப்பட்டுள்ளன. ஆகவே, கற்களிடத்துப் பொதுமக்களுக்கு ஒருவகை அச்சமும் பயபத்தியும் நெடுங்காலம் இருந்தன என்பது உண்மை. எனினும், கி. பி. ஆறாம் நூற்றாண்டில் ஒரு கல்லின்முன் விளக்கேற்றியவன், கி. மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டில் அதனை நட்டவன் எண்ணியதையே எண்ணினான் என்று யார் உறுதி கூறவல்லார்? மொழி மாறிற்று, குடிகள் மாறின, உரோம ஆட்சி வந்து போயிற்று. கல் நின்ற இடத்தில் நின்றமையால் அதன் பொருளும் நின்ற இடத்திலே நின்றது என்பது பெறப்படாது.

இனி ஆண்டுக் கணக்கைச் சிறிது நோக்குவோம். மிக்கேல் மேட்டில் இருந்ததாக நாமறியும் தேவாலயம் 1663இல் எழுந்தது. அது 1813இற் புதுப்பிக்கப்பட்டது, 1923இல் அழிந்தது, அதன்பின் அப்பத்தாண்டு முடியுமுன்னரே பழைய தோற்றத்தை ஒட்டி மீளவும் கட்டப்பட்டது. கி. மு. 4500க்கும் கி. பி. 1663க்கும் இடையே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள். அத்தேவாலயம் எழுந்த நாளிலே பிரித்தனி ஆயிரம் ஆண்டுகளாகக் கிறித்தவ நாடு. வெல்லப்படுவதற்கு அங்கே எந்தப் பழஞ்சமயமும் எஞ்சியிருக்கவில்லை. துரூயித்து எனப்படும் கெல்தியக் குருமாரைக் கொண்டுவந்து இவ்விடைவெளியை நிரப்ப முயன்றவர் முன்னொரு காலத்திற் பலர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரான்சிலே கெல்தியர் மீது பெரும் மோகம் எழுந்தது. காம்பிறி என்பார் 1805இல் வெளியிட்ட நூல் அம்மோகத்தின் விளைவு. ஆனால் சீசர் தம் நூலில் விவரிக்கும் துரூயித்துக்கள் கி. மு. முதலாம் நூற்றாண்டினர். மேட்டைக் குவித்தோர்க்கும் அவர்க்கும் இடைப்பட்ட காலம் அவர்க்கும் நமக்கும் இடைப்பட்ட காலத்தினும் இருமடங்கு பெரிது. இக்கருத்தை ஆராய்ச்சியாளர் கைவிட்டு நெடுநாளாயினும், உல்லாசப் பயணிகளுக்கு எழுதப்படும் நூல்கள் இன்னும் முற்றாகக் கைவிட்டபாடில்லை.

அவ்வாறாயின் 1663ஆம் ஆண்டுத் தேவாலயத்தின் பொருள் யாது? இதற்கு விடை தேடுவோர் கற்காலத்தை விட்டு 17ஆம் நூற்றாண்டுக்கு வரவேண்டும். அந்நூற்றாண்டிலே பிரித்தனியெங்கும் கத்தோலிக்க மறுமலர்ச்சி இயக்கம் வலுப்பெற்றிருந்தது. மிசேல் லெ நொபிலே என்னும் குருவானவரும், அவருக்குப் பின் இயேசு சபையைச் சேர்ந்த சூலியன் மோனுவார் என்பவரும் ஊர் ஊராகச் சென்று, மக்கள் பேசிய பிரெத்தோன் மொழியிலேயே போதித்து, பாட்டும் படமும் கொண்டு ஞானோபதேசம் நடத்தினர். அவர் போதித்தது புறச்சமயத்தார்க்கன்று. ஞானஸ்நானம் பெற்றும் சமய அறிவு குன்றியிருந்த கிறித்தவக் குடியானவர்க்கே. பிரித்தனியின் வடகரையிலே பிளேமெர்-பொடு என்னும் ஊர்ப்பக்கத்தில் ஏறக்குறைய 8 மீற்றர் உயரமான நெடுங்கல் ஒன்று நிற்கின்றது. 1674இல் அதன் உச்சியிற் சிலுவை பொருத்தப்பட்டது. உடலிலே கிறித்துவின் பாடுகளைக் குறிக்கும் ஏணி, ஆணி, சேவல் முதலிய சின்னங்கள் செதுக்கப்பட்டன. மோனுவாரின் போதனை இயக்கத்தோடு அது சார்த்திக் கூறப்படுகின்றது. அக்கல்லைப் பார்ப்போர்க்கு அது ஒரு போர்க்களமாகத் தெரியாது; ஒரு பாடப்புத்தகமாகவே தெரியும். எழுத்தறியாத மக்களுக்குப் படிப்பிக்க விரும்பிய குருமார், ஊரில் எல்லாரும் காணும் மிகப் பெரிய கரும்பலகையைத் தேர்ந்துகொண்டனர்.

மிக்கேல் மேட்டுத் தேவாலயத்தையும் இச்சூழலிலே வைத்து நோக்குதல் தகும். மிக்கேலுக்கு உயர்ந்த இடங்களிலே கோவில் எடுப்பது ஐரோப்பாவின் பழைய மரபு. இத்தாலியின் கர்கானோ மலை, நோர்மண்டியின் கடல்சூழ் பாறை, கோணுவாலின் தீவுக்குன்று என எல்லாம் அவருக்கு உரியன. அவற்றுட் பல ஈமமேடுகள் அல்ல; இயற்கைப் பாறைகளே. ஆகவே கார்னாக்கிலும் அவரை மேலே ஏற்றியது கீழிருந்த கல்லறையன்று, மேட்டின் உயரமே என்பது என் கருத்து. இது கவர்ச்சி குறைந்த விளக்கம் என்பதை ஒப்புக்கொள்வேன். கவர்ச்சி குறைந்தமை பிழையாதற்குச் சான்றாகாது.

சிலுவையும் ஈமமேடும் உண்மையிலேயே ஒன்றையொன்று எதிர்கொண்ட இடங்கள் இல்லாமலில்லை. சார்ளிமேன் சாக்சனியரை வாளால் அடக்கி மதம் மாற்றிய காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, அந்நாட்டுக்கென ஒரு கொடிய சட்டக்கோவை இயற்றப்பட்டது. கிறித்தவராகிய சாக்சனியரின் உடல்கள் தேவாலயச் சேமக்காலைகளுக்கே கொண்டு செல்லப்பட வேண்டும், புறச்சமயத்தாரின் மேடுகளுக்குக் கொண்டு செல்லப்படலாகாது என அது விதிக்கின்றது. பிணத்தை எரித்தவனுக்கு மரணதண்டனையும் விதிக்கின்றது. இங்கே மேடு உயிருள்ள பொருள். மகன் தன் தந்தையின் பக்கத்திற் கிடக்க விரும்புகின்றான். சட்டம் அவனைப் பிரிக்கின்றது. ஈமமேட்டைப் பற்றிய கிறித்தவ நோக்கின் கடுமையை அறிய விரும்புவோர் கார்னாக்கை விட்டு இச்சட்டத்தையே படித்தல் வேண்டும்.

டென்மார்க்கு நாட்டின் எலிங் என்னும் இடம் வேறொரு வகை. அங்கே இரு பெரும் மேடுகள். இடையில் ஒரு தேவாலயம். அதன் முற்றத்திலே கி. பி. 965ஐ ஒட்டி அரல்டு மன்னன் நாட்டிய கல். தந்தை கோர்ம், தாய் தீரா ஆகியோரின் நினைவாகத் தான் அக்கல்லை நாட்டியதையும், தேனியரைக் கிறித்தவராக்கியதையும் அம்மன்னன் அதிற் பொறித்துள்ளான். கிறித்துவின் உருவமும் அதில் உண்டு. வடக்கு மேட்டிலுள்ள மரத்தாலான பிணவறையின் காலத்தை மரவளையங்களைக் கொண்டு கணித்து 958 அல்லது 959 என்பர். அவ்வறையில் உடல் இல்லை. 1970களில் தேவாலயத்தின் தரையடியிலே ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தன. மகன் கிறித்தவனானபின் தந்தையின் உடலை மேட்டிலிருந்து எடுத்துத் தேவாலயத்தினுள் அடக்கினான் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதினர். வேறு சிலர் அதனை ஐயுறுவர். எவ்வாறாயினும், இங்கே மேட்டுக்கும் சிலுவைக்கும் இடையேயுள்ளது ஆறாயிரம் ஆண்டன்று, ஒரு தலைமுறை. மகன் புதிய நெறியை மேற்கொண்டும் பழைய நெறியில் இறந்த தந்தையைக் கைவிட மனமின்றி நிற்கின்றான். இறந்த அரசன்மீது கோவிலெடுக்கும் பள்ளிப்படை வழக்கத்தை அறிந்த நமக்கு, மேற்பாடியிலே அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் எடுத்த கோவில் இவ்விடத்து நினைவுக்கு வரும். அங்கே மதமாற்றம் இல்லை. ஆயினும் அரசகுலக் கடன் என்னும் வகையில் இரண்டையும் ஒருங்கு நோக்கலாம்.

எலிங் இன்னுமொரு செய்தியையும் தருகின்றது. வடக்கு மேட்டை எழுப்பியோர் அதனை வெற்று நிலத்தில் எழுப்பவில்லை. வெண்கலக் காலத்து ஈமமேடொன்றின் மீதே எழுப்பினர். அதாவது, பழைய கல்லறையின்மேற் புதியதை ஏற்றும் செயல் கிறித்தவத்துக்கு முன்னரே அங்கு நிகழ்ந்திருக்கின்றது. பிரித்தனியிலும் இதற்கு வியக்கத்தக்க சான்றுண்டு. கார்னாக்குக்கு அண்மையிலுள்ள கவ்றினி என்னும் தீவின் கல்லறைக்கு மூடுகல்லாக அமைந்த பெருங்கல்லின் மேற்புறத்தே, வெளியார் கண்ணுக்குப் படாத வகையில், எருதின் உருவம் முதலியன பொறிக்கப்பட்டிருப்பது 1980களிலே சார்ள்-தாங்கி லெ றூ என்பவரால் அறியப்பட்டது. அவ்வுருவத்தின் மறுபகுதி, லொக்மாரியாக்கேர் என்னும் ஊரிலுள்ள மற்றொரு கல்லறையின் மூடுகல்லில் இருக்கின்றது. ஒரு காலத்தில் நிமிர்ந்து நின்ற மாபெரும் நெடுங்கல்லொன்று முறிந்து, அதன் துண்டுகள் வெவ்வேறு கல்லறைகளுக்குக் கூரையாக்கப்பட்டன. அதனைச் செய்தோர் கற்காலத்தவரே. ஒரு தலைமுறையின் தெய்வத்தை மற்றொரு தலைமுறை கட்டடக் கல்லாக்கியது. இதனை அறிந்தபின், பழஞ்சமயம் என ஒன்று ஆதிமுதல் மாறாது இருந்து, சிலுவை வந்த நாளில்தான் குலைந்தது என்று எவ்வாறு கூறுவது?

யேர்சித் தீவிலுள்ள ஊக்பி மேட்டையும் குறிப்பிட வேண்டும். 12 மீற்றர் உயரமான அம்மேட்டின் உச்சியில் 12ஆம் நூற்றாண்டிலே ஒரு தேவாலயம் எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் எருசலேம் சென்று மீண்ட குருவானவர் ஒருவர் அதனை விரித்துக் கட்டினார். உள்ளே நீண்ட இடைகழியோடு கூடிய கற்காலக் கல்லறை இருப்பது 1924இல் அகழ்ந்தபோதே வெளிப்பட்டது. ஆனால் ஊரார் வழங்கிய பழங்கதை ஒன்று உண்டு. நோர்மண்டியிலிருந்து வந்து பெரும்பாம்பைக் கொன்ற பிரபு ஒருவனை அவன் வேலைக்காரனே வஞ்சித்துக் கொன்றான். அவன் மனைவி, கடலுக்கப்பாலிருந்தும் தான் காணக்கூடியதாகக் கணவன் உடல்மீது அம்மேட்டை எழுப்பினாள் என்பது கதை. கதையில் வரலாறு இல்லை. எனினும், இது கல்லறை என்பதையும், அன்பினால் எழுந்தது என்பதையும், தூரத்திலிருந்து காணப்படுவதற்கே உயர்ந்தது என்பதையும் ஊரார் சரியாகவே உணர்ந்திருந்தனர். அகழ்வாராய்ச்சி அதற்குமேற் கூறியது காலத்தையும் அமைப்பையுமே.

சிலுவையைக் கண்டவுடன் முடிவுக்கு விரையும் பழக்கம் எத்துணைத் தூரம் அறிஞரையும் வழிதவறச் செய்யும் என்பதற்கு நம் அயலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உளது. இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற சேம்சு பேர்கசன் 1872இல் உலகின் பெருங்கற் சின்னங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் கார்னாக்கும் உண்டு, தக்கணமும் உண்டு. கோதாவரி ஆற்றுப் பகுதியிலே, கற்றிட்டைகளின் அருகே கற்சிலுவைகள் நிற்பதாக முல்கேரன் என்பவர் அறிவித்திருந்த செய்தியைப் பேர்கசன் எடுத்துக்கொண்டார். அவை கிறித்தவச் சிலுவைகளே எனக் கொண்டு, பெருங்கற் சின்னங்கள் பிற்காலத்தவை என்னும் தம் கொள்கைக்கு அவற்றைத் துணையாக்கினார். இன்று தெலுங்கானா மாநிலத்துட்பட்ட அப்பகுதியிற் பின்னர் ஆராய்ந்தோர், அவை தலையும் தோளும் உடலும் குறிக்கப்பட்ட மனித உருவக் கற்கள் எனக் காட்டினர். இறந்தோரின் வடிவமாகவோ காவலாகவோ நாட்டப்பட்டவற்றில், ஐரோப்பியக் கண் தனக்குப் பழகிய சிலுவையைக் கண்டது. பேர்கசன் அற்ப அறிவினரல்லர். அதனாலேயே இவ்வெடுத்துக்காட்டு பெறுமதியுடையது.

அவர்க்குச் சிலுவை பழகிய காட்சி. நமக்குப் பழகிய காட்சி வேறு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும், திருக்கோணேச்சரமும் போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்டதை மறவாத சமூகத்தில் நாம் படித்தோம். அவ்வரலாற்றைச் சிறுவயதிற் கேட்டறிந்த மாணவனொருவன், கல்லறைமேற் சிலுவை நிற்கும் படத்தைப் பார்த்தவுடன் அதே கதை அங்கும் நடந்ததென்று கொள்வது இயல்பே. பிரித்தனியின் போதனை இயக்கமும் அதே நூற்றாண்டினது. அதே கத்தோலிக்க மறுமலர்ச்சியின் வேறொரு கிளை. இவ்வொற்றுமை ஐயத்தை மேலும் வலுப்படுத்தும். ஆயினும் ஒற்றுமை அவ்வளவோடு நிற்கின்றது. நல்லூரிற் கோவில் இடிந்தபோது அதனைக் கண்ணாற் கண்டு அழுதோர் இருந்தனர். அவர் தம் தெய்வத்தின் பெயரை அறிவர். அவர் பேரர் மீண்டும் கோவிலெடுத்தனர். கார்னாக் மேட்டுக்கு 1663இல் அழுவோர் ஒருவரும் இலர். அதன் தெய்வத்தின் பெயரை அறிந்தவரும் இலர். இரண்டையும் ஒன்றெனக் கூறினால், நம் இழப்பின் உண்மையான பாரத்தை நாமே குறைத்தவராவோம். இழந்தவரென யாரும் இல்லாத இடத்திலும் இழப்பைக் காண்பவன் தன் இழப்பையும் வெறும் உவமையாக்கிவிடுகின்றான்.

கார்னாக் மேட்டுக்கு இழப்பே நேரவில்லை என்றும் கொள்ளற்க. நேர்ந்தது, ஆனால் அது சிலுவையால் நேர்ந்ததன்று. 1862இல் றெனே கால் என்பவர் மேட்டின் உச்சியிலிருந்து செங்குத்தாகக் குழிதோண்டி நடுவறையை அடைந்தார். தேவாலயம் எழுந்து இரு நூற்றாண்டு கழிந்தும் அவ்வறை தீண்டப்படாமலே இருந்தது. உள்ளே தீப்பட்ட எலும்புச் சிதைவுகளும், மெருகிட்ட கற்கோடரிகள் 39உம், பச்சை நிற மணிகள் நூற்றுக்கு மேலும் இருந்தன. கோடரிகளுட் சில ஜேடைற்று என்னும் அரிய கல்லாலானவை. அவ்வகைக் கல் இத்தாலிய அல்ப்சின் விசோ மலைப்பக்கத்தே வெட்டப்பட்டது என்பதைப் பியேர் பெத்திறெக்கன் என்பவரும் அவர் குழுவினரும் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவினர். மணிகளுக்குரிய வாரிசைற்றுக் கல் ஐபீரியக் குடாநாட்டிலிருந்து வந்தது. சில்லும் பொதிமிருகமும் அறியாத மனிதர் கைமாறிக் கைமாறி இத்துணைத் தூரம் கொணர்ந்து, ஒருவனோடு புதைத்துவிட்டனர். மீண்டும் எடுப்பதற்காகப் புதைக்கவில்லை. வாயிலும் இடைகழியும் இன்றி அவ்வறையை மூடி, அதன்மேல் மலைபோற் கல்லும் மண்ணும் குவித்தமையே அதற்குச் சான்று.

1900 முதல் 1907 வரை சக்கரி லெ றூசிக் மீளவும் அகழ்ந்தார். இவர் கார்னாக்கிலேயே பிறந்தவர். சேம்சு மில்ன் என்னும் ஸ்கொட்லாந்து ஆராய்ச்சியாளரிடம் சிறுவனாக வேலைக்கமர்ந்து, பின்னர் அவர் பெயரால் அமைந்த நூதனசாலையின் பொறுப்பாளராக உயர்ந்தவர். அவ்வூர்க் கற்களை அவரளவு நேசித்தவர் அரியர். அவரும் மேட்டின் வயிற்றைச் சுரங்கங்களால் ஊடறுத்தார். புதிய கற்பேழைகள் பலவற்றையும் வேறொரு கல்லறையையும் கண்டார். பிற்காலத்திற் பயணிகள் அச்சுரங்கங்களூடே நெடுநாள் அழைத்துச் செல்லப்பட்டனர். இப்போது அவை மூடப்பட்டுள்ளன. அறிவின் பொருட்டு இவை செய்யப்பட்டன என்பது உண்மை. இக்கட்டுரையிற் கூறப்பட்டனவும் பெரும்பாலும் அவ்வறிவின் பயனே. எனினும், அம்மேட்டிலே இறந்தோரின் அமைதியைக் குலைத்தவர் யார் என்னும் வினாவுக்கு, உச்சியிலே பீடமமைத்த குருமாரைச் சுட்டுவது பொருந்தாது. அவர் உச்சியோடு நின்றுவிட்டனர். அடியிற் கிடந்தவனை வெளியே எடுத்தது ஆராய்ச்சியே.

2025ஆம் ஆண்டு கார்னாக்கும் மொர்பியான் கரையோரத்துப் பெருங்கற் சின்னங்களும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அவற்றைக் காணச் செல்வோர் இனிப் பெருகுவர். மிக்கேல் மேட்டின்மீது ஏறுவோர்க்குத் தேவாலயமும் சிலுவையும் கடலும் தெரியும். 1862இற் கிடைத்த கோடரிகளைக் காண விரும்புவோர் அங்கிருந்து 30 கிலோமீற்றர் அளவில் உள்ள வான் நகரத்துக்குச் செல்லவேண்டும். அவை அந்நகர்க் கழகத்தின் தொகுதியைச் சேர்ந்தவை. எலிங்கிலே தேவாலயத்தடியிற் கிடைத்த எலும்புகளை ஆராய்ச்சி முடிந்தபின் 2000ஆம் ஆண்டில் அத்தேவாலயத்தினுள்ளேயே மீண்டும் அடக்கம் செய்தனர்.